காப்பு கட்டிய கை

மார்ச் 4, செவ்வாய்

கருப்பணக் கவுண்டர் தோட்டத்து மோட்டார் பழுது பார்க்க என் கடைக்கு வந்தது. உள்ளே சுற்றிய காயில் கம்பி மொத்தமும் கருகிவிட்டது. கரண்ட் கம்மியாக வரும்போது ஓட்டாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த மனுசன் காதில் ஏறாது.

காலையில் மகள் மோகனா குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் பிள்ளை, "மோகனப்பிரியா இருக்காங்களா? ஸ்டெம் செல் விஷயமா பேசணும்" என்றது. என் கூடப் பிறந்த வள்ளியக்காள் வேலை என்று நினைத்தேன். போன வாரம்தான் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஸ்டெம் செல் ஊசி ஒன்று போட்டால் முட்டிவலி, சர்க்கரை, வழுக்கை எல்லாம் ஓடிப்போகுமாம். எனக்கு மூன்றும் இருப்பதால் அக்காள் ரொம்ப ஆசைப்பட்டாள். "அப்படி யாரும் இங்க இல்லீங்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யாருங்கப்பா போன்ல?" என்றாள் மோகனா.

"ராங் நம்பர்."

மார்ச் 5, புதன்

ராங் நம்பர் இல்லையாம்.

மறுபடியும் அழைத்திருக்கிறார்கள். மோகனா பி.எட். படித்தபோது கல்லூரியில் ஒரு முகாம் நடந்ததாம். கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் தடவி, பெயரைப் பதிந்துகொண்டு போனார்களாம். இப்போது எங்கேயோ ஆறு வயதுக் குழந்தைக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமே கெட்டுப்போய்விட்டது. அதற்கு வேறொருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது தாய் அணுவை, ஏற்றினால்தான் வழி. சொந்தத்தில் யாருக்கும் பொருந்தவில்லை. பதிந்து வைத்தவர்களில் தேடியதில் எங்கள் மோகனாவுக்குப் பத்துக்குப் பத்து பொருந்துகிறதாம். பள்ளிக்கூடத்தில்கூட அவள் பத்துக்குப் பத்து வாங்கி நான் பார்த்ததில்லை. அவளேதான் இப்போது கணக்கு டீச்சர்.

"யாரு புள்ளை?" என்றேன்.

"சொல்ல மாட்டாங்கப்பா. பேரு, ஊரு, ஆணா பொண்ணா, எதுவும் சொல்லக்கூடாதுன்னு விதி. நம்ம பேரும் அவங்களுக்குத் தெரியாது."

"எடுக்கறது எங்கிருந்து?"

"ரத்தத்துல இருந்து."

"முதுகெலும்புல ஊசி போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"இல்லீங்கப்பா."

"வேண்டாம் விடு" என்றேன். அவள் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மாவும் கோபம் வந்தால் இப்படித்தான்.

மார்ச் 8, சனி

வள்ளியக்காள் வந்தாள். அவளிடம் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. (நான்தான் சொன்னேன்.)

"கல்யாணம் பேசற புள்ளைக்கு இது தேவையா தம்பி? நாளைக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டுப் படுத்தா எவன் கட்டுவான்? நம்ம குலம், நம்ம கூட்டத்து ரத்தத்தை ஊர் பேரு தெரியாத ஒரு புள்ளைக்கு, அது என்ன சாதியோ என்ன கூட்டமோ, எதுக்குக் குடுக்கறது?" எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலப்பிரிவு.

என் வீட்டுக்காரி சரோஜா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "ஏனுங் அண்ணி, அந்த முட்டிவலி ஊசி எந்தக் கூட்டத்து அணுன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள். அக்காள் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காள் பக்கம் பேச வேண்டியவன் நான் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

கோயம்புத்தூர் போய் வந்தோம். மோகனாவுக்கு உடம்பு முழுக்கப் பரிசோதனை. நான் போனது டாக்டரை நாலு கேள்வி கேட்டு மடக்கத்தான்.

டாக்டருக்கு வயது நாற்பது இருக்கும். பெயர் எழில்வாணன். அவசரப்படாமல் பேசினார். ஐந்து நாள் ஊசி போடுவார்களாம். எலும்புக்குள் இருக்கிற தாய் அணுக்கள் பெருகி ரத்தத்துக்கு வரும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, எந்திரத்தில் சுற்றி, வேண்டிய அணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை அடுத்த கை வழியாக உடம்புக்கே திருப்பிவிடுவார்கள். முதுகில் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை.

"என்ன கெடுதல் வருமுங்க?"

"அந்த நாலஞ்சு நாள் எலும்பெல்லாம் வலிக்கும், தலைவலிக்கும். மண்ணீரல் கொஞ்சம் வீங்கும். ரொம்ப அபூர்வமா அதுல பிரச்சினை வரலாம், அதனாலதான் ரெண்டு வாரத்துக்கு எடை தூக்காதீங்கன்னு சொல்லுவோம்."

"பத்து வருசம் கழிச்சு?"

"இது வரைக்கும் குடுத்தவங்களைப் பார்த்ததுல பெரிய ஆபத்து எதுவும் தெரியலீங்க. ஆனா நூத்துக்கு நூறுன்னு நான் எழுதித் தர மாட்டேன். வருசா வருசம் கூப்பிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்போம்."

இவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"அந்தக் குழந்தை பொழைச்சுக்குமா?"

"வாய்ப்பு நல்லா இருக்கு. உறுதின்னு சொல்ல முடியாது. புதுசா போற அணு அந்த உடம்பையே வேத்தாள்னு நினைச்சு அடிக்கறதும் உண்டு. ஆனா இது இல்லாம அந்தக் குழந்தைக்கு வேற வழி இல்லை."

கிளம்பும்போது, "அப்படியே என்ற முட்டிக்கும் கொஞ்சம் போட்டு விட முடியுங்களா?" என்று கேட்டேன். மோகனா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "விளம்பரம் பார்த்தீங்களா? ரத்த நோய்க்கு இது பல வருசமா நடக்கற வைத்தியம். முட்டிக்கு இன்னும் ஆராய்ச்சிதான். அங்க என்ன போடறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. போயிடாதீங்க" என்றார்.

திரும்பும் வழியில் பேக்கரியில் நிறுத்தி மோகனாவுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். சம்மதித்ததாக அர்த்தமில்லை. பசித்தது, அவ்வளவுதான்.

மார்ச் 31, திங்கள்

ஏப்ரல் முதல் வாரத்தில் எடுப்பதாக இருந்தது தள்ளிப்போய்விட்டது. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலாம். காய்ச்சல் சரியாகி, மறுபடி தேதி குறிக்க ஒரு மாதமாவது ஆகுமாம். மோகனா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "காய்ச்சல்தானே, சரியாப் போயிரும் கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், நான் அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கருப்பணக் கவுண்டர் மோட்டாரை மறுபடியும் எரித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டு, காப்புக் கட்டு.

இந்த வருசம் எங்கள் வீட்டில் மோகனாவுக்குக் காப்பு. பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கப்போகிறாள். பத்து வயதில் அவளுக்கு டெங்கு வந்து ரத்தத் தட்டணு குறைந்து, பிழைப்பாளா என்று இருந்தபோது சரோஜா வேண்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு முறை இவள் கையால் அக்கினிச் சட்டி ஏந்துவாள் என்று. தேதிதான் தள்ளிப்போய்விட்டதே, நோம்பியை முடித்துவிடலாம் என்று சரோஜா சொன்னாள்.

ரங்கண்ணப் பூசாரி மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை மோகனாவின் இடக்கையில் கட்டினார். "பதினஞ்சு நாளைக்கு இந்தக் கை எல்லை தாண்டக்கூடாது அம்மிணி. பாதியில அவுக்கவும் கூடாது" என்றார். காப்புக் கட்டிய பிறகு எங்கள் ஊரில் சாதாரண ஆள்கூட வெளியூரில் தங்குவதில்லை. வேலைக்குப் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கட்டிய கைக்கு அந்த விலக்கும் கிடையாது. அதற்காகவே மோகனா பள்ளிக்கூடத்தில் லீவு போட்டிருக்கிறாள்.

மஞ்சள் புடவையில் மகள் நின்றதைப் பார்க்க நன்றாக இருந்தது. கண் பட்டுவிடும் என்று சரோஜா என்னைத் திட்டினாள். பெற்ற அப்பன் கண்ணே படுமாம்.

ஏப்ரல் 16, புதன்

அழைப்பு வந்துவிட்டது. குழந்தை இப்போது தேறிவிட்டதாம். இந்த நேரத்தை விட்டால் மறுபடி எப்போது தாங்கும் என்று தெரியாது என்பதால் டாக்டர்கள் அவசரப்படுகிறார்கள். மோகனாவுக்கு ஞாயிறு முதல் ஊசி. இருபத்து நாலாம் தேதி கோயம்புத்தூரில் அணு எடுக்க வேண்டும். முதல் நாள் மாலையே போய்ச் சேர வேண்டும்.

இந்த முறையும் மோகனாவின் போன் என் கையில் இருந்தபோதுதான் அடித்தது. அன்றைக்கு நான் ராங் நம்பர் என்று வைத்த அதே பிள்ளை, பெயர் ஷெரின். நான் பேசாமல் மோகனாவிடம் கொடுத்தேன். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள் வைத்தாள்.

"மோகனா, இது கடைசித் தடவை கேக்கறேன். நீங்க எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா நாளைக்கு அந்தக் குழந்தைக்கு மருந்து ஆரம்பிச்சுடுவாங்க. அதோட எலும்புக்குள்ள இருக்கற பழசை முழுசா அழிச்சுடுவாங்க. அதுக்கப்புறம் நீங்க மனசு மாறினா குழந்தை பிழைக்கறது ரொம்ப கஷ்டம். யோசிச்சு நாளைக்குக் காலைல சொன்னாலும் போதும்."

"யோசிச்சாச்சுங்க. வர்றேன்" என்றாள் மோகனா. காப்புக் கட்டிய கையில் போனைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம். நான் கத்தினேன். ஊருக்கு ஆகாது என்றேன். அம்மன் குற்றம் என்றேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்க வந்தவன் அதை மட்டும் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

கடையில் கருப்பணக் கவுண்டர் மோட்டாரைப் பிரித்து, கருகின காயிலை வெட்டி, பழைய கம்பியை எல்லாம் உருவிப்போட்டேன். உள்ளே சுத்தமாகத் துடைத்து வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கவுண்டர் வந்தார். "நாச்சிமுத்து, பையன் வேற கடையில குடுக்கலாம்ங்கறான். அப்படியே குடுத்துரு, கொண்டுபோயிக்கறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதைக் கொண்டுபோவீங்க? உள்ள ஒண்ணுமில்லீங். பழசை உருவியாச்சு, புதுசு ஏத்தல. இது இப்ப மோட்டாரு இல்லீங், வெறும் கூடு. நேத்தே சொல்லியிருந்தா சரி. இப்ப நான் கம்பி சுத்தித்தான் ஆகோணும், நீங்க இருந்துதான் ஆகோணும்."

சொல்லி முடித்தவன் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கவுண்டர் பயந்துபோய், "சரி சரி, நீயே பண்ணு, அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்றார்.

வீட்டுக்கு வந்து மோகனாவிடம், "அந்தப் புள்ளைக்கு மருந்து ஆரம்பிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"காலைல ஆரம்பிச்சிருப்பாங்கப்பா."

ஓம்னி வேனுக்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன். டயருக்குக் காற்றும் பிடித்து வைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

அம்மனிடம் பூக் கேட்கலாம் என்று சரோஜாவிடம் சொன்னேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப்போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம்.

"சிவப்பு வந்தா போவாம இருந்துருவீங்களா?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"போறதுன்னு முடிவு பண்ணிப்போட்டு அப்புறம் எதுக்குங்க ஆத்தாளைக் கேட்டு இக்கட்டுல மாட்டறீங்க? அன்னிக்கு நம்ம புள்ளை கெடந்தப்ப நாலு பேரு வந்து ரத்தம் குடுத்தாங்களே, அவிய யாருன்னு நமக்குத் தெரியுமா? அவிய பூக் கேட்டுட்டா வந்தாங்க? நான் வேண்டிக்கிட்டது எம் புள்ளை உசுருக்கு. இன்னொருத்தி வேற எங்கியோ உக்காந்து இப்ப இப்படியே வேண்டிக்கிட்டிருப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே தாய்தானுங்க."

இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியதில் இவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்ததும் அரிசி களையப் போய்விட்டாள். எனக்கு இவளைக் கட்டிக்கொடுத்த மாமனார் நன்றாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதல் ஊசி. உள்ளூர் நர்ஸ் வந்து போட்டாள். நான் வெளியில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்றாவது ஊசி. இடுப்பு, தொடை, நெஞ்செலும்பு என்று எல்லா இடமும் வலிக்கிறது என்கிறாள். உள்ளேயிருந்து யாரோ நெட்டி முறிக்கிற மாதிரி இருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கால் அமுக்கிவிட்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் வலிக்கிறது என்று என் மடியில் போடுவாள். அன்றைக்கு இருந்த அதே கால்தான், கொஞ்சம் நீளமாகிவிட்டது.

"பயமா இருக்குதா கண்ணு?"

"லேசா. உங்களுக்கு?"

"எனக்கென்ன பயம்" என்றேன். இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய் அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

மாலையில் மூவரும் ஓம்னியில் கிளம்பினோம். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வள்ளியக்காள் வாசலுக்கு வரவில்லை. கம்பத்தடியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரங்கண்ணப் பூசாரி மட்டும் எங்கள் வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாய்க்கால் பாலத்துக்கு அருகில், எல்லைக்கல் பக்கத்தில், என்ஜின் சூடானது போலத் தெரிந்ததால் வண்டியை நிறுத்தினேன். வண்டியில் தற்செயலாகத் தேங்காயும் கற்பூரமும் இருந்தன. உடைத்தேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. மோகனா கல்லைத் தொட்டுக் கும்பிட்டாள். சரோஜா என்னைப் பார்த்து, "என்ஜின் ஆறிருச்சுங்களா?" என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கட்டிலில் படுக்க வைத்து இரண்டு கையையும் நீட்டச் சொன்னார்கள். நர்ஸ், மலையாளத்துப் பெண், காப்பைப் பார்த்தாள். "இந்தக் கயிறு ஈரமா, மஞ்சளா இருக்கே. இங்க கட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. கட் பண்ணிடட்டுமா?"

கத்தரிக்கோலும் கையுமாக நின்றாள். மோகனாவின் முகம் வாடிவிட்டது. ஊசி வலிக்கெல்லாம் அழாதவள், கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அப்பா..." என்றாள்.

"வெட்ட வேண்டாம் சிஸ்டர். நான் அவுக்கறேன்" என்றேன்.

பூசாரி போட்ட முடிச்சு லேசில் அவிழாது. ஆனால் முப்பது வருசமாகத் தலைமுடி கனத்துக் கம்பியைப் பிரித்த விரல் இது. ஒரு இழை அறாமல் அவிழ்த்தேன். அவிழ்த்ததைக் கீழே வைக்கக்கூடாது, பையில் போடக்கூடாது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதனால் என் கையிலேயே சுற்றி, சரோஜாவை முடிச்சுப் போடச் சொன்னேன். அவள் போட்டாள்.

மதியம் வரை எந்திரம் ஓடியது. உதடு மரத்துப்போகிறது என்றாள், சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். நடுவில் மூக்கு அரித்தது. இரண்டு கையும் அசைக்க முடியாது. நான்தான் சொறிந்துவிட்டேன். "இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை கீழே" என்று படுத்தி எடுத்தாள்.

கடைசியில் பார்த்தால் ஒரு சின்னப் பை. தக்காளி ரசம் நிறம். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவு போதும், வேண்டியதற்கு மேலேயே கிடைத்திருக்கிறது என்றார் டாக்டர்.

நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். அதே நேரம் ஒரு பையன் அந்தப் பையை வைத்த நீலப் பெட்டியோடு லிப்டில் வந்தான். விமானத்தில் போகிறதாம். எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டான். வாசல் வரை கூடவே நடந்தேன். "பார்த்துப் புடிச்சுக்கப்பா" என்றேன். கார் திரும்புகிற வரை நின்றேன். டீ குடிக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

மோகனாவுக்கு இன்று வலி குறைந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பினோம். இன்று அந்தக் குழந்தைக்கு ஏற்றுவார்கள் என்று ஷெரின் சொன்னது.

நாள்காட்டியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, உத்திரட்டாதி நட்சத்திரம். நல்ல நாள்தான். சும்மா பார்த்தேன்.

ஏப்ரல் 30, புதன்

பூவோடு.

எடை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் மோகனா எடுக்க முடியாது. சட்டி, வேப்பிலை, தீ எல்லாம் சேர்ந்தால் நல்ல கனம். கோயிலில் கூட்டம் கூடியதும் பேச்சு வந்தது. காப்பு எல்லை தாண்டியது, கை மாறியது, இந்த வீட்டுச் சட்டி இந்த வருசம் வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அக்காள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ரங்கண்ணப் பூசாரி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "அவுந்துச்சா, அறுந்துச்சா?"

"அவுத்துக் கட்டினதுங்க. கீழ வெக்கல."

"எங்க போயிட்டு வந்துச்சு?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். அவர் சட்டியை எடுத்தார். "காப்பு யாரு கையில இருக்குதோ அவியதான் எடுக்கோணும்" என்று என்னிடம் நீட்டினார்.

கோயிலைச் சுற்றி வருவதற்குள் முட்டி உயிர் போய்விட்டது. மோகனா பக்கத்திலேயே வேப்பிலையோடு நடந்தாள். கடைசிச் சுற்றில் எனக்குக் கால் இடறியது. யாரோ முதுகில் கை கொடுத்துத் தாங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் வள்ளியக்காள். "பாத்து நட, எருமை" என்றாள்.

மே 20, செவ்வாய்

ஒட்டிக்கொண்டதாம்! மோகனாவின் அணு அந்த எலும்புக்குள் போய் இடம் பிடித்து, புது ரத்தம் ஊற ஆரம்பித்துவிட்டதாம். ஷெரின் சொன்னதை மோகனா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சரோஜா பாயசம் வைத்தாள். சர்க்கரை இருக்கிறது என்று எனக்கு அரை டம்ளர்தான் தந்தாள். இரண்டாவது முறை கேட்காமலே ஊற்றினாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நல்ல செய்தி இல்லை. குழந்தையை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தோலெல்லாம் தடிப்பு, வயிற்றுப்போக்கு. டாக்டர் அன்றைக்குச் சொன்னதுதான். போன அணு அந்த உடம்பை அடிக்கிறது.

"என்ற புள்ளை அணு யாரையும் அடிக்காது" என்றேன். முட்டாள்தனம் என்று தெரியும். மோகனா எனக்குப் பொறுமையாக விளக்கினாள். பிறகு அவளே, "நான் குடுத்தது அந்தக் குழந்தையைப் படுத்துதேப்பா" என்று அழுதாள். குடுக்காமல் இருந்திருந்தால் படுத்துவதற்கு ஆளே இருந்திருக்காது கண்ணு என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று இப்போது எழுதும்போது ஆச்சரியமாக இருக்கிறது.

சரோஜா செவ்வாய்க்கிழமை விளக்குப் போடுகிறாள். வள்ளியக்காளும் போடுகிறாள் என்று கேள்வி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

செய்தி இல்லை. மழையும் இல்லை. கடையில் ஏழு மோட்டார் நிற்கிறது, கை ஓடவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

தடிப்பு அடங்கிவிட்டது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். குழந்தை வீட்டுக்குப் போய்விட்டது. நாளை தீபாவளி. அந்த வீட்டில் நன்றாகக் கொண்டாடட்டும், புகை மட்டும் ஆகாது.

ஷெரின் இன்னொன்றும் சொன்னதாம். குழந்தைக்கு முன்னால் ஓ குரூப் ரத்தம். இப்போது சோதித்தால் பி பாசிட்டிவ். மோகனாவின் குரூப். அது என் குரூப். என் அப்பனுக்கும் அதுதான்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பட்டாசுக் கடைக்குப் போனவன், கம்பி மத்தாப்பு ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் குழந்தை யாரும் இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

புது டைரி. வருசம் தொடங்கி மூன்று மாதம் தாண்டியும் இப்போதுதான் முதல் பக்கம் எழுதுகிறேன்.

இன்று காப்புக் கட்டு. மோகனா இந்த வருசம் பூவோடு எடுக்கிறாள். வருசப் பரிசோதனையும் போன மாதம் முடிந்தது, ஒரு குறையும் இல்லை. வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளையிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "அந்த முகாமுல நானும் பேரு குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாராம். பையன் தேவலை.

கட்டு முடிந்து, வீட்டுக்கு ஒரு அர்ச்சனை. ரங்கண்ணப் பூசாரி வரிசையாகப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நாச்சிமுத்து, மகம். சரோஜா, ரோகிணி. மோகனப்பிரியா, அஸ்தம். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார்.

"இன்னொண்ணு இருக்குதுங்க" என்றேன்.

சரோஜாவும் மோகனாவும் என்னைப் பார்த்தார்கள். அக்காளும் பார்த்தாள்.

"பேரு?"

"தெரியாதுங்க. ஒரு குழந்தை."

"ஆணா பொண்ணா?"

"அதுவும் தெரியாதுங்க."

"நட்சத்திரமாச்சும் தெரியுமா நாச்சிமுத்து?"

"உத்திரட்டாதி. புது ரத்தம் ஏறின நாளுங்க."

பூசாரி தட்டில் இன்னொரு பூவை எடுத்து வைத்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் முறையென்று ஒன்று இருக்கிறதே, கேட்டார்.

"என்ன கூட்டம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வள்ளியக்காள் சொன்னாள்.

"நம்ம கூட்டந்தானுங்க."